மகன் கட்டிய ஊருக்கு ஒரு சுற்றுலா

பெரம்பலூரிலிருந்து பேருந்தில் சென்னை போய்ச் சேர ஐந்து மணி நேரம் பிடிக்கும். அதே பெரம்பலூரிலிருந்து 60 கிலோமீட்டரில் திருச்சி விமான நிலையம். அங்கே விமானம் ஏறினால் நாலேகால் மணி நேரத்தில் சிங்கப்பூர். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களுக்கும் கடல் கிடையாது, விமான நிலையம் கிடையாது. ஆனாலும் வேப்பந்தட்டை, குன்னம், செந்துறை, ஆண்டிமடம் என்று எந்தப் பக்கம் போய் விசாரித்தாலும், "எங்க சின்னவன் சிங்கப்பூர்ல இருக்கான்" என்று சொல்ல ஒரு வீடு இருக்கும். லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் பக்கம் அது துபாயாகவோ மலேசியாவாகவோ மாறும். மற்றபடி கதை ஒன்றுதான்.

முன்பெல்லாம் போகிறவர் மட்டும் போவார். வீட்டில் உள்ளவர்கள் திருச்சி வரை வேன் பிடித்து வந்து, கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கையசைத்துவிட்டுத் திரும்புவார்கள். இப்போது அந்தக் கதவைத் தாண்டி அம்மா போகிறார், மனைவி போகிறார், கோடை விடுமுறையில் பிள்ளைகள் போகிறார்கள். 2024 ஜூனில் திருச்சியில் புதிய முனையம் செயல்படத் தொடங்கியது. சிங்கப்பூர் விமானங்களுக்கான வரிசையில் வேட்டி கட்டிய தாத்தாவையும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் சேர்த்தே பார்க்கலாம்.

இந்தப் பயணத்தை வெறும் உல்லாசப் பயணமாக நினைத்துப் போகிறவர்கள் பாதிக்கு மேல் தவறவிட்டுவிட்டு வருகிறார்கள் என்பது என் எண்ணம். டிராவல்ஸ்காரர் கொடுக்கும் 'நான்கு இரவு, ஐந்து பகல்' அட்டவணை, அந்த ஊரில் யாரையும் தெரியாதவர்களுக்காகப் போட்டது. நம் குடும்பங்களுக்கு அங்கே ஓர் ஆள் இருக்கிறார். பார்க்க வேண்டிய முதல் இடம் அவர்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டுமானத்திலோ கப்பல் பட்டறையிலோ ஒர்க் பர்மிட்டில் இருப்பவர் மனைவி மக்களை அழைத்து வந்து உடன் வைத்துக்கொள்ள அங்கே அனுமதி கிடையாது. குடும்பத்துக்கான பாஸ் கிடைக்க வேண்டுமானால் எஸ் பாஸ் அல்லது அதற்கு மேற்பட்ட அனுமதியில் இருக்க வேண்டும். மாதச் சம்பளமும் 6,000 வெள்ளியைத் தொட வேண்டும். சிங்கப்பூர்த் தமிழர்கள் டாலரை வெள்ளி என்பார்கள், ஒரு வெள்ளி ஏறக்குறைய 70 ரூபாய். கம்பி கட்டுகிறவருக்கும் பலகை அடிக்கிறவருக்கும் அந்தச் சம்பளம் எட்டாத உயரம். ஆகவே, பத்து வருடமாக அங்கே வேலை பார்க்கும் கணவனின் ஊரைப் பார்க்க மனைவிக்கு இருக்கும் ஒரே வழி சுற்றுலா விசா. சில நாட்கள், அதிகம் போனால் சில வாரங்கள். இதனாலேயே இந்த நாட்கள் விலைமதிப்பு மிக்கவை.

அந்த மனிதர் எப்படி அங்கே போனார் என்பதை வீட்டில் எல்லோரும் அறிவார்கள். ஏஜென்டிடம் பணம் கட்டி, பயிற்சி மையத்தில் தங்கிப் பழகி, 'டெஸ்ட் அடித்து', பாஸ் ஆனபின் ஐ.பி.ஏ. எனும் முன் ஒப்புதல் வரும் வரை காத்திருந்து போனவர். வாங்கிய கடனுக்கு வட்டி கட்டவே முதல் சில ஆண்டுகள் போயிருக்கும். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு சட்டப்படி உண்டு. ஆனால் ஓ.டி. பார்த்தால்தான் கடன் அடையும் என்பதால் பல ஞாயிறுகள் வேலையிலேயே கழியும். பெரும்பாலோர் தங்குவது துவாஸ், ஜூரோங், கிராஞ்சி போன்ற ஊரோரப் பகுதிகளின் டார்மிட்டரிகளில். ஓர் அறையில் பலர், அடுக்குக் கட்டில், பொதுச் சமையலறை. அங்கே குடும்பம் வந்து தங்க முடியாது. தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாகச் சுற்றுலாப் பயணிக்கு வாடகைக்கு விடுவதும் அந்நாட்டில் சட்டவிரோதம். 'தெரிஞ்சவங்க வீட்டு ரூம் இருக்கு, வாடகை கம்மி' என்று யாராவது சொன்னால் யோசித்துக்கொள்ளுங்கள். சிராங்கூன் சாலையை ஒட்டிய சிறு ஹோட்டல்களே பாதுகாப்பு.

ஆக, டிக்கெட் போடுமுன் அவரைக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எந்தெந்த நாள் உனக்கு லீவு கிடைக்கும்?" என்பதுதான். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையையும் மலிவு டிக்கெட்டையும் பார்த்துப் போய் இறங்கிவிட்டு, அவர் வேலை முடிந்து இரவு எட்டு மணிக்கு அழுக்குச் சட்டையோடு ஓடிவந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மறுபடி துவாஸுக்குப் பஸ் பிடிக்கிற அவலம் பல குடும்பங்களுக்கு நேர்கிறது. முதலாளியிடம் முன்கூட்டிச் சொல்லி இரண்டு ஞாயிறுகள் உள்ளடங்குமாறு பயணத்தை அமைப்பது நல்லது. ஊருக்கு வரும் வருடாந்திர விடுப்பில் நான்கு நாளை அங்கேயே எடுத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது.

முஸ்தபா எனும் கடல்

சிங்கப்பூர் போகிறோம் என்ற செய்தி வெளியே தெரிந்த மறுநாளே லிஸ்ட் வரத் தொடங்கும். சித்திக்குக் கோடாலித் தைலம், பெரியப்பாவுக்கு டைகர் பாம், மச்சானுக்கு சென்ட், பக்கத்து வீட்டு அக்காவுக்கு யார்ட்லி பவுடர், கல்யாணம் ஆகப்போகும் பெண்ணுக்குக் கம்பளிப் போர்வை, பிள்ளைகளுக்கு மிட்டாய், எல்லோருக்கும் சோப்பு. இந்தப் பொருட்களின் மேல் நம் ஊருக்கு உள்ள பிரியத்துக்கு வயது அதிகம். கோடாலி முத்திரைத் தைலம் 1928 முதல் சிங்கப்பூரில் தயாராகிறது. முழங்கால் வலிக்கும் தலைபாரத்துக்கும் அதைத் தேய்த்தே நம் பாட்டிமார் ஆயுளைக் கழித்தார்கள்.

அந்த லிஸ்ட்டோடு போகும் இடம் முஸ்தபா சென்டர். 1971-இல் கேம்பல் லேனில் சிறு துணிக்கடையாகத் தொடங்கி, 1995-இல் சையத் ஆல்வி சாலையில் இப்போதைய கட்டடத்துக்கு வந்த கடை. பெருந்தொற்றுக்கு முன்வரை இரவும் பகலும் மூடாமல் நடந்தது. இப்போது நள்ளிரவு தாண்டி மூடுகிறார்கள். சனி, ஞாயிறு மாலைகளில் அதற்குள் நுழைவது திருவிழாக் கூட்டத்தில் தேர் வடம் பிடிக்கப் போவதுபோல. வாசலிலேயே நம் பைகளின் வாயை பிளாஸ்டிக் வாரால் கட்டிவிடுவார்கள். உள்ளே கடிகாரம், கைபேசி, மருந்து, துணி, பெட்டி, தங்கம், மளிகை என்று மாடிக்கு மாடி விரியும். இரண்டு தள்ளுவண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய அகலத்தில்தான் நடைவழிகள் இருக்கும். பிள்ளைகளோடு போகிறவர்கள் உள்ளே நுழையுமுன்பே, வழிதவறிப்போனால் எந்த வாசலில் வந்து நிற்பது என்று பேசிவைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கட்டடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள். 'வாசல்ல நில்லு' என்று மட்டும் சொன்னால் போதாது. வயதானவர்களை வார நாளில் காலையிலேயே அழைத்துப்போவது உத்தமம். அப்போது நின்று நிதானமாகப் பார்க்கலாம், கூட்டம் பாதி இருக்காது.

அங்கே நம் ஆட்கள் செலவழிப்பதைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. இரண்டாம் மாடி மளிகைப் பகுதியில் அடுக்கியிருப்பதில் பெரும்பங்கு இந்தியாவிலிருந்து போனது. அப்பளம், பொன்னி அரிசி, மசாலாத் தூள், ஹார்லிக்ஸ் எல்லாம் இங்கிருந்து கடல் தாண்டிப் போனவை. லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில் சின்ன வெங்காயத்தைக் குவித்து வைத்திருப்பார்கள். சின்ன வெங்காய விளைச்சலில் தமிழ்நாட்டின் முன்னணி மாவட்டமான பெரம்பலூரிலிருந்து போகிறவருக்கு அந்த விலையைப் பார்த்தால் தலை சுற்றும். சோப்பும் மிட்டாயும் சென்ட்டும் இன்று திருச்சி என்.எஸ்.பி. சாலையிலேயே கிடைக்கின்றன, பெரம்பலூர்க் கடைகளிலும் கிடைக்கின்றன. வெளிநாட்டுப் பொருள் அபூர்வமாக இருந்த காலத்தில் அந்த லிஸ்ட்டுக்கு அர்த்தம் இருந்தது. இப்போது அது பெரும்பாலும் ஒரு கடமை. அந்தக் கடமையின் பில்லை யார் கட்டுகிறார் என்று பாருங்கள். வந்திருப்பது அம்மாவும் மனைவியும். அவர்களைப் பணம் எடுக்க விடுவாரா? அவர்தான் கட்டுவார். சித்தியின் தைலத்திலிருந்து பக்கத்து வீட்டுப் பவுடர் வரை அவருடைய ஓ.டி. மணி நேரங்கள்தான் பெட்டிக்குள் போகின்றன. மலிவு விமானங்களில் எடை கூடினால் அதற்கும் தனிக் கட்டணம். அதையும் அவரே கட்டுவார்.

வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. அவர் கையால் தன் பிள்ளைக்கு ஒரு சட்டையோ காலணியோ போட்டுப் பார்த்து வாங்கித் தருவதில் இருக்கும் மகிழ்ச்சியை எந்தக் கணக்காலும் குறைத்துச் சொல்ல முடியாது. வருடக்கணக்கில் வீடியோ காலில் அளவு கேட்டு வாங்கி அனுப்பியவர் அவர். ஊராரின் லிஸ்ட்டைக் குறைத்தால் இந்தச் சட்டைக்கு நேரமும் பணமும் மிஞ்சும்.

பெரிய பொருள் வாங்குகிறவர்கள் சில விவரங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2024 முதல் அங்கே ஜி.எஸ்.டி. 9 சதவீதம். சுற்றுலாப் பயணி ஒரு கடையில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கினால், ஊர் திரும்பும்போது சாங்கி விமான நிலையத்தில் அந்த வரியைத் திரும்பப் பெறலாம். கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். அங்கே வேலை பார்ப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது. வருகிறவர் தமக்கு வாங்குவதைத் தம் பெயரிலேயே வாங்க வேண்டும். தங்கத்தில் விவரம் தெரியாமல் மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் நகை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்ற இந்தியச் சுங்கச் சலுகை, ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்புகிறவருக்கு மட்டுமே. ஐந்து நாள் சுற்றிப் பார்க்கப் போன அத்தைக்கு அது பொருந்தாது. யாரோ முன்பின் தெரியாதவர் விமான நிலையத்தில், "இந்தப் பொட்டலத்தை மட்டும் திருச்சியில கொடுத்துடுங்க" என்றால் கையாலும் தொடாதீர்கள்.

போகும்போதும் எச்சரிக்கை வேண்டும். மகனுக்குப் பிடித்த குழம்புக்காக அம்மா அரைத்து எடுத்துப்போகும் மசாலாவில் கசகசா இருக்கக் கூடாது. சிங்கப்பூரில் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்ட பொருள். ஹான்ஸ், வாயில் போட்டு மெல்லும் புகையிலை எதுவும் கூடாது. சிகரெட் ஒரு பாக்கெட் என்றாலும் தீர்வை உண்டு. எம்.ஆர்.டி. ரயிலுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, மீறினால் அபராதம். வருகை அட்டையை, போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் இலவசமாகப் பதியலாம். அதற்குப் பணம் கேட்கிறவர் ஏமாற்றுகிறார்.

பார்ப்பதற்கு என்ன?

சிங்கப்பூரின் மொத்தப் பரப்பு 735 சதுர கிலோமீட்டர் அளவே. பெரம்பலூரும் அரியலூரும் சேர்ந்த நிலத்தில் ஐந்து சிங்கப்பூர்கள் அடங்கும். 2011 கணக்குப்படி நம் இரு மாவட்ட மக்கள்தொகை 13.2 லட்சம். அந்தச் சின்னத் தீவில் 60 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் நெரிசலில்லாமல் போய்வருகிறார்கள். அந்த ஒழுங்கே பிள்ளைகளுக்குக் காட்டத் தகுந்த காட்சி. ரயில் கதவு திறக்கும்போது இறங்குகிறவருக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கும் கூட்டத்தை ஒரு தடவை நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஆட்சிமொழிகளில் ஒன்றாகத் தமிழ் இருப்பதால் பல எம்.ஆர்.டி. நிலையங்களில் பெயரையே தமிழில் படிக்கலாம். முதல்முறை வெளிநாடு வந்த அம்மாவுக்கு அதைப் பார்த்ததும் பாதி பயம் போய்விடும்.

நல்ல காட்சிகள் பலவற்றுக்குக் காசு வேண்டாம். 1972-இல் நிறுவிய மெர்லயன் சிலை, மெரினா பே கரையோர நடை, கரையோரப் பூந்தோட்டத்தில் இரவு 7.45-க்கும் 8.45-க்கும் நடக்கும் ஒளி ஒலிக் காட்சி, 2019-இல் திறந்த ஜூவல் கட்டடத்துக்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் அருவி எல்லாம் இலவசம். சென்டோசாவின் விளையாட்டுப் பூங்காவுக்கும் மண்டாய் விலங்குத் தோட்டங்களுக்கும் நுழைவுக் கட்டணம் கனமானது. ஒரு குடும்பத்துக்கு இரண்டில் ஒன்று போதும்.

மெரினா பே கரையில் நிற்கும்போது வேறொன்றையும் செய்யுங்கள். அவரைச் சொல்லச் சொல்லுங்கள். "இந்த ஸ்டேஷன் நாங்க தோண்டுனது", "அந்த டவர்ல முப்பதாவது மாடி வரைக்கும் நான் இருந்தேன்" என்று அங்கே வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. 57 மாடிகள் கொண்ட மெரினா பே சாண்ட்ஸ், 50 மீட்டர் வரை உயர்ந்த செயற்கை மரங்கள், 2020 முதல் கட்டம் கட்டமாகத் திறந்த தாம்சன் – ஈஸ்ட் கோஸ்ட் ரயில்பாதை என்று கடந்த கால் நூற்றாண்டில் எழுந்த எதிலும் தமிழகத் தொழிலாளியின், வங்கதேசத் தொழிலாளியின் கை இருக்கிறது. 2025 மே மாதம் பணி தொடங்கிய சாங்கி ஐந்தாம் முனையத்திலும் இருக்கும். அந்தக் கட்டடங்களின் கல்வெட்டில் அவர்கள் பெயர் இருக்காது. தன் அப்பா கட்டியது இது என்று ஒரு குழந்தை விரல் நீட்டிச் சொல்லிவிட்டால் அந்தக் குறை கொஞ்சம் தீரும். வீட்டுக்கு மாதாமாதம் வரும் பணம் எங்கிருந்து வருகிறது என்பது பிள்ளைக்குப் புரியும் இடமும் அதுதான்.

அரியலூர்க்காரர்கள் கட்டாயம் போக வேண்டிய இன்னோர் இடம், சிங்கப்பூர் ஆற்றங்கரையில் எம்பிரஸ் பிளேஸில் உள்ள ஆசிய நாகரிக அரும்பொருளகம். கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட இராசேந்திரன் 1025-இல் கடாரத்துக்கும் ஸ்ரீவிஜயத்துக்கும் கப்பற்படை அனுப்பிய வரலாற்றை நம் பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். அதன் ஆயிரமாவது ஆண்டை 2025 ஜூலையில் ஆடித் திருவாதிரை விழாவோடு சேர்த்துக் கொண்டாடினோம். அந்தச் சோழர் காலத்துச் சிலை ஒன்றே களவு போய் சிங்கப்பூருக்குப் போன செய்தி பலருக்குத் தெரியாது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் சிவன் கோயிலிலிருந்து திருடப்பட்ட உமா பரமேசுவரியின் செப்புத் திருமேனியை, நியூயார்க் கலைப்பொருள் கடை ஒன்றிடமிருந்து 2007-இல் 6,50,000 அமெரிக்க டாலருக்கு அந்த அரும்பொருளகம் வாங்கிக் காட்சிக்கு வைத்தது. திருட்டு வெளிச்சத்துக்கு வந்தபின் 2015-இல் இந்தியாவுக்குத் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. அந்த எட்டு ஆண்டுகளில் அதே ஆற்றங்கரையில் ஞாயிறு மாலைகளில் காற்று வாங்கிய அரியலூர் இளைஞர்கள் எத்தனை பேரோ. தங்கள் ஊர் அம்மன் கூப்பிடு தூரத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறாள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இந்தக் கதையைப் பிள்ளைகளுக்கு அங்கே வைத்துச் சொல்லலாம். ஊர்க் கோயிலைப் பூட்டிக் காப்பது ஏன் முக்கியம் என்று அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

தேக்கா ஞாயிறு

ஞாயிறு மாலை தேக்காவை நேரில் பார்க்காமல் திரும்பாதீர்கள். லிட்டில் இந்தியா என்று வரைபடத்தில் இருப்பதை அங்குள்ள தொழிலாளர்கள் தேக்கா என்றே சொல்வார்கள். டார்மிட்டரிகளிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். பணம் அனுப்பும் கடைகளில் வரிசை. 2023 பிப்ரவரியில் இரு நாடுகளின் கைபேசிப் பணப் பரிமாற்றம் இணைக்கப்பட்ட பின்னும் அந்த வரிசை அற்றுப்போகவில்லை. புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். ஒரே ஊர்க்காரர்கள் வாரத்துக்கு ஒரு தடவை முகம் பார்க்கும் இடம் அது. வீரமாகாளியம்மன் கோயிலில் சாமி கும்பிட்டுவிட்டு, 1947 முதல் நடக்கும் கோமள விலாஸில் தோசையோ, ரேஸ்கோர்ஸ் சாலையில் மீன்தலைக் கறியோ சாப்பிடுவார்கள்.

இத்தனை ஆண்கள் கூடும் இடத்துக்குப் பெண்களையும் குழந்தைகளையும் எப்படி அழைத்துப்போவது என்று தயங்குகிறவர்கள் உண்டு. 2013 டிசம்பர் 8, ஞாயிறு இரவு, ரேஸ்கோர்ஸ் சாலைச் சந்திப்பில் தனியார் பேருந்து மோதிப் புதுக்கோட்டை மாவட்டத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அதையொட்டி மூண்ட கலவரத்தில் வாகனங்கள் எரிந்தன. அதன்பின் வார இறுதிகளில் அந்தப் பகுதியின் பொது இடங்களில் மது அருந்துவதற்குத் தடை வந்தது, காவலும் கூடியது. இன்று கைக்குழந்தையோடு போகலாம், பயமில்லை. 2020-இல் கொரோனா பரவியபோது டார்மிட்டரிகளில் இருந்த 3 லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாதக்கணக்கில் வெளியே வர முடியாமல் அடைந்து கிடந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தொற்று கண்டது. அதன்பின் இந்தத் தெருவுக்கு ஞாயிறு வந்துபோகவே அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்த காலமும் உண்டு. அந்தப் பின்னணி தெரிந்தால் அந்த நெரிசல் தொந்தரவாகத் தெரியாது.

அவருடைய நண்பர்களை அங்கே சந்தியுங்கள். அடுத்த கட்டிலில் படுப்பவர், காய்ச்சலில் கஞ்சி வைத்துக் கொடுத்தவர், கடன் கொடுத்து உதவியவர் எல்லோரும் அந்தப் புல்வெளியில்தான் இருப்பார்கள். ஊரிலிருந்து முறுக்கோ அதிரசமோ கொண்டுபோகிறவர்கள் ஒரு பங்கு கூடுதலாகச் செய்துகொண்டு போங்கள். அம்மாவைப் பார்த்து வருடங்களான பிள்ளைகள் அங்கே நிறைய இருக்கிறார்கள்.

இந்தக் கோடையில் பயணத்துக்குத் தயாராகும் பெரம்பலூர், அரியலூர் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். லிஸ்ட் கொடுக்கும் உறவினர்களிடம், "இந்தத் தடவை அவனைப் பார்க்கத்தான் போறோம்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். முஸ்தபாவுக்கு அரை நாள் போதும். மிச்ச நேரத்தையெல்லாம் அவருக்குக் கொடுங்கள்.